கரீபியன் சமூகத்துக்கு ஒரு சிறுதொழில் பத்திரிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரூக்ளினில் சமூகப் பத்திரிகைகளுக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பதும் விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் என் தொழில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கரீபியன்காரர்கள். அவர்களோடு பழகிய அக்கவுண்டன்ட், டிசைனர், அச்சகக்காரர் என்று நம் ஆட்களிலும் சிலர், "அங்கே சின்ன வியாபாரிகளுக்கென்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தால் ஓடுமா?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிட்டால் போன் பேசுகிற நேரமாவது மிச்சமாகும்.

"கரீபியன் சமூகம்" என்று மொத்தமாகக் குறிவைக்கலாமா?

வேண்டாம். அட்டையில் போடலாம், வேலையில் கூடாது. அமெரிக்காவில் மட்டும் கரீபியனில் பிறந்தவர்கள் 45 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், ஆனால் அதில் கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஜமைக்கா, ஹெய்ட்டி என்ற நாலு நாட்டுக்காரர்களே மிகப் பெரும்பான்மை. நாலு பேருக்கும் மூன்று மொழி, வெவ்வேறு ஊர், வெவ்வேறு வியாபாரம். மயாமியில் இருக்கும் கியூபாக்காரருக்கும் பிரான்க்ஸில் பேக்கரி வைத்திருக்கும் ஜமைக்காக்காரருக்கும் பொதுவான பத்திரிகை என்று எதைப் போடுவீர்கள்?

ஒரு தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். சர்ச் அவென்யூவும் நாஸ்ட்ரண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் நின்று பார்த்தால் பேக்கரி, சலூன், பார்சல் கப்பல் ஏஜென்ட், பணம் அனுப்பும் கவுன்டர், குடியுரிமை வக்கீல், ரொட்டிக் கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். ஃபிளாட்புஷ் வட்டாரத்துக்கு 2017 முதல் "லிட்டில் கரீபியன்" என்றே பெயர். குயின்ஸில் ரிச்மண்ட் ஹில் லிபர்ட்டி அவென்யூ என்றால் கயானாக்காரர்கள், புளோரிடாவில் லாடர்ஹில் என்றால் ஜமைக்காக்காரர்கள், டொரொன்டோவில் எக்ளின்டன் மேற்கு, லண்டனில் பிரிக்ஸ்டன். ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே எல்லாக் கடைக்காரரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பழகும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

ஏற்கெனவே இவ்வளவு பத்திரிகை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இருக்கிறது, அதுவும் பழைய பரம்பரை. லண்டனில் கிளாடியா ஜோன்ஸ் 1958-ல் 'வெஸ்ட் இண்டியன் கெஜட்' தொடங்கினார். டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்று அங்கிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்தவர். பிரிக்ஸ்டனில் ஒரு இசைத்தட்டுக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். எப்போதும் பணமுடை. 1964 டிசம்பரில் அவர் இறந்தார், அடுத்த வருஷமே பத்திரிகையும் நின்றுபோனது. இதை எல்லோருக்கும் சொல்வேன், ஏனென்றால் ஒரே ஆளின் தோளில் நிற்கும் பத்திரிகை அந்த ஆளோடு போய்விடுகிறது. வங்கிக் கணக்கு, அச்சகத் தொடர்பு, விளம்பரதாரர் பட்டியல் மூன்றும் முதல் நாளிலிருந்தே இரண்டு பேர் கையில் இருக்கட்டும்.

நியூயார்க்கில் ஹெர்மன் ஹால் 1977-ல் 'எவ்ரிபடீஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார், 'கரிப் நியூஸ்' 1982-ல் வந்தது. டொரொன்டோவில் 'ஷேர்' 1978-ல். லண்டனில் வால் மெக்கல்லா 1982 ஆகஸ்ட்டில் நாட்டிங் ஹில் கார்னிவல் சமயம் பார்த்து 'தி வாய்ஸ்' வெளியிட்டார். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் 'வாய்ஸ்' கதைதான் சுவாரசியம். எண்பதுகளில் அதன் பெரிய வருமானம் லண்டன் உள்ளாட்சி மன்றங்கள் கொடுத்த வேலைவாய்ப்பு விளம்பரம். கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க வேண்டிய நெருக்கடி அந்த மன்றங்களுக்கு இருந்தது, அதற்கு இந்தப் பத்திரிகை வழி. பிற்காலத்தில் வேலை விளம்பரமெல்லாம் இணையத்துக்குப் போனதும் அந்தக் குழாய் சிறுத்துவிட்டது. வருமானம் ஒரே பக்கமிருந்து வந்தால் எவ்வளவு வந்தாலும் தூக்கம் வராது.

இவையெல்லாம் செய்தி, அரசியல், கலை, ஊர்ச் சமாசாரம் போடுகிற பத்திரிகைகள். கடை வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும் என்று ரொட்டிக் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுவதற்கு அவற்றில் இடமில்லை. அந்த இடம்தான் உங்களுக்கு.

என்ன எழுதுவது? பேட்டி போட்டே பக்கத்தை நிரப்பிவிடலாமா?

"வெற்றிக் கதை" பேட்டிகளை நான் வெறுக்கிறேன். முதல் இதழில் நன்றாக இருக்கும், மூன்றாவது இதழில் எல்லோரும் ஒரே மாதிரி கஷ்டப்பட்டு ஒரே மாதிரி முன்னுக்கு வந்திருப்பார்கள். கடைக்காரர் தன் பேட்டியை மட்டும் வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு மீதியைத் தொடமாட்டார்.

தொழில் எப்படி நடக்கிறது என்பதை எழுதுங்கள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் பொருள்களை அடைத்துக் கப்பலில் அனுப்பும் ஒரு பீப்பாய்க் கடையை எடுத்துக்கொள்ளலாம். நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய், இல்லையென்றால் தடித்த அட்டைப் பீப்பாய், கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள். கட்டணம் பொதுவாக ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு என்றுதான், எடைக்கு அல்ல. அதனால் அரிசி, எண்ணெய், டின் மாட்டிறைச்சி, சோப்பு, பள்ளிக்கூட ஷூவுக்குள் சுருட்டித் திணித்த சாக்ஸ் என்று காற்று புக இடமில்லாமல் அடைப்பார்கள், மூடி உட்காரவில்லை என்றால் ஒருவர் மேலே ஏறி உட்காருவார். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் என்ன தீர்வை, கயானாவின் ஜார்ஜ்டவுனுக்கு என்ன வித்தியாசம், பீப்பாய் உடைந்து வந்தால் யார் பொறுப்பு, ஏஜென்ட்டுக்கு இதில் என்ன மிஞ்சும்? இந்த ஒரு கட்டுரைக்காகவே பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அடுத்தது சீட்டு. நம் ஊர்ச் சீட்டுதான், அச்சு அசலாக. ஜமைக்காக்காரர் அதை பார்ட்னர் என்பார், டிரினிடாடில் சூசூ, கயானாவில் பாக்ஸ் ஹேண்ட், பார்படோஸில் மீட்டிங் டர்ன். நம்பிக்கையான ஒருவர் வாராவாரம் வசூலிப்பார், முறை வருகிறவருக்கு மொத்தமாகக் கிடைக்கும். வங்கி கடன் தராத காலத்தில் பிரிட்டனுக்குப் போன கரீபியன்காரர்கள் இதை வைத்து வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். இன்றும் எத்தனையோ கடைக்கு முதலீடு இதுதான். சிக்கல் என்னவென்றால் பல வருஷம் ஒழுங்காகச் சீட்டுக் கட்டியதெல்லாம் வங்கியின் கண்ணில் படாது, கடன் மதிப்பெண்ணில் ஏறாது. சீட்டுப் பணத்தில் கடை திறந்தவர் அடுத்த கட்டத்துக்கு வங்கிக்குப் போகும்போது என்ன காகிதம் கையில் வேண்டும் என்று தெளிவாக எழுதினால் அதைப் படிக்காத கடைக்காரர் இருக்க மாட்டார்.

ஃபிளாட்புஷ் அவென்யூவில் ஓடும் டாலர் வேன்களைப் பற்றியும் எழுதலாம். 1980 போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தத்தில் பஸ், ரயில் எதுவும் ஓடாதபோது சொந்த வண்டியில் ஆள் ஏற்றிப் பழகிய தொழில் அது, இன்றும் ஓடுகிறது, லைசன்ஸ் உள்ளதும் இல்லாததுமாக. இன்சூரன்ஸ் செலவு ஒன்றை மட்டும் தோண்டினாலே நாலு பக்கம் வரும்.

பழைய கதையும் நடுவில் ஒன்று இருக்கட்டும். 1985-ல் டொரொன்டோவில் மத்திய அரசு ஆய்வாளர்கள், மேலே மாவு மூடிய பண்டத்தை "பீஃப் பாட்டி" என்று விற்கக் கூடாது, விதிப்படி அந்தப் பெயர் மாவு மூடாத வெறும் ஹாம்பர்கர் இறைச்சிக்குத்தான் என்று ஜமைக்கா பேக்கரிக்காரர்களிடம் சண்டைக்குப் போனார்கள். பேக்கரிக்காரர்கள் விடவில்லை, பத்திரிகைகள் அவர்கள் பக்கம் நின்றன, கடைசியில் "ஜமைக்கன் பாட்டி" என்று போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானமானது. லேபிள் விதிகள் பற்றிய கட்டுரைக்கு இதைவிட நல்ல நுழைவாசல் கிடைக்காது.

இந்தக் காலத்தில் அச்சு எதற்கு? இணையத்தில் போட்டால் போதாதா?

வாசகர் யார் என்று பாருங்கள். சலூனில் பின்னல் போட உட்கார்ந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். பார்சல் கடையில் வரிசை. சர்ச்சில் ஆராதனை முடிந்து பேச்சு. இந்த இடங்களில் மேஜைமேல் கிடக்கும் காகிதம் கைக்குக் கை போகும். கடைக்காரருக்கும் தன் விளம்பரத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். செல்போனில் காட்டினால் "ஓகே" என்று முடித்துக்கொள்வார், பணம் எடுக்க மாட்டார்.

அதற்காக இணையத்தை விட வேண்டாம். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் அனுப்புங்கள், அது ஜமைக்கா, கயானா வரை தானாகப் போகும். ஆனால் காசு அச்சில்தான்.

எத்தனை பக்கம், எத்தனை பிரதி, என்ன செலவு?

அச்சகத்தில் பக்கம் நாலின் மடங்காக வேண்டும், பதினாறு பதினாறாக ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்) அமைந்தால் காகிதம் வீணாகாது. அதனால் 32 பக்கம், நடுவில் பின் அடித்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாத இதழ் என்று ஆரம்பிப்பவர்களை நான் தடுத்துப் பார்ப்பேன், யாரும் கேட்பதில்லை.

புரிவதற்காக ஒரு கணக்கு. 5,000 பிரதி அச்சு, பக்க வடிவமைப்பு, எழுதியவர்களுக்கும் படம் எடுத்தவருக்கும் சம்பளம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு இதழுக்கு 8,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12 பக்கம் விளம்பரம் என்றால் பக்கத்துக்கு 667 டாலர் வந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. ஆனால் முழுப் பக்கம் எடுப்பவர் குறைவு, கால் பக்கமும் விசிட்டிங் கார்டு அளவும்தான் அதிகம் போகும், அதிலும் சிலர் பணத்தை அடுத்த இதழ் வரும்வரை இழுப்பார்கள். ஆகவே கட்டண அட்டையில் பக்கத்துக்கு 900-க்குக் குறைந்து போடாதீர்கள். முதல் இதழில் "அறிமுகச் சலுகை" என்று பாதி விலைக்குக் கொடுத்தால் அந்தப் பாதி விலைதான் உங்கள் விலை, அப்புறம் ஏற்ற முடியாது.

பிரதி எண்ணிக்கையில் பொய் சொல்லாதீர்கள். 5,000 அடித்துவிட்டு 20,000 என்று போடுகிறவர்கள் உண்டு. பேக்கரிக்காரர் முட்டாள் இல்லை, தன் கடையில் வைத்த கட்டு எத்தனை நாளில் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியும்.

விளம்பரம் யார் கொடுப்பார்கள்?

பார்சல் கப்பல் ஏஜென்ட், பணம் அனுப்பும் நிறுவனம், குடியேற்ற வக்கீல், வீட்டுத் தரகர், வரிக் கணக்கு எழுதுபவர், சமையல் கான்ட்ராக்ட், ஈமச்சடங்கு நிலையம், சலூன், முடிப் பொருள் கடை. ஜமைக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வருஷத்தில் போகும் பணம் 300 கோடி டாலருக்கு மேல், எனவே பணம் அனுப்பும் நிறுவனங்கள் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். உணவுப் பொருள் நிறுவனங்களும் உண்டு, கிங்ஸ்டனில் 1922-ல் ஆரம்பித்த கிரேஸ்கென்னடி மாதிரி. ஆனால் பெரிய நிறுவனத்தில் முடிவு எடுக்க மாதக்கணக்கில் ஆகும், அதை நம்பி முதல் இதழுக்குத் தேதி வைக்காதீர்கள்.

நியூயார்க்கில் பலர் தவறவிடும் ஒன்று நகர நிர்வாகத்தின் விளம்பரம். நகரத் துறைகள் தங்கள் அச்சு, டிஜிட்டல் விளம்பரச் செலவில் குறைந்தது பாதியைச் சமூகப் பத்திரிகைகளுக்கும் புலம்பெயர்ந்தோர் பத்திரிகைகளுக்கும் தர வேண்டும் என்று 2019-ல் மேயர் உத்தரவு வந்தது, 2021-ல் அது நகரச் சட்டமாகவே ஆனது. தடுப்பூசி, வாக்குப்பதிவு, வாடகைதாரர் உரிமை என்று விளம்பரங்கள் வரும். இதற்குத் தொடர்ந்து வெளிவருகிற பத்திரிகை என்று காட்ட வேண்டியிருக்கும், எனவே ஒவ்வொரு இதழிலும் பத்துப் பிரதி தனியே எடுத்து வையுங்கள், எந்தக் கடையில் எத்தனை வைத்தீர்கள் என்ற பட்டியலும் இருக்கட்டும். 'வாய்ஸ்' கதையை மறந்துவிட்டு இதை மட்டுமே நம்பிவிடவும் வேண்டாம்.

விளம்பரம் வந்து சேருகிற அழகே தனி. முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபிளையர் அனுப்புவார்கள், இரண்டு வருஷம் முன்பு மருமகன் செய்தது, மங்கலாக, மேலே பழைய போன் நம்பர். ஜமைக்காக் கொடியின் பச்சை திரையில் பளபளக்கும், அப்படியே அச்சுக்கு அனுப்பினால் பாசி பிடித்த மாதிரி வரும். நீங்களே புதிதாகச் செய்துவிடுங்கள், செய்ததை அனுப்பி "நம்பர் சரியா?" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி பதில்தான் பிறகு வரும் தகராறில் உங்களைக் காப்பாற்றும்.

விளம்பரம் கொடுத்தவரைப் பற்றிக் கட்டுரையும் கேட்கிறாரே?

கேட்பார். காசு வாங்கிப் போட்டால் மேலே "விளம்பரம்" என்று தெளிவாக அச்சடியுங்கள், எழுத்துருவும் வேறாக இருக்கட்டும். காசு வாங்காமல் எழுதும் கட்டுரையை அச்சுக்கு முன் யாருக்கும் காட்டாதீர்கள். சின்னச் சமூகம், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒரே வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டுமா? வேறு என்ன காகித வேலை?

நியூயார்க்கில் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) பதிவுக் கட்டணம் 200 டாலர். அதோடு முடியவில்லை, பதிவு செய்து 120 நாளுக்குள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகம் சொல்லும் இரண்டு செய்தித்தாள்களில் ஆறு வாரம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், புரூக்ளின், மன்ஹாட்டன் பக்கம் அதற்கே ஆயிரம் டாலரைத் தாண்டலாம். பத்திரிகை தொடங்கப் போகிறவர் முதல் செலவாக வேறு பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிறார் என்றால் சிரிப்புத்தான் வரும், ஆனால் சட்டம் அப்படி.

பத்திரிகைக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இலவசம். பார்கோடு கடையில் விலைக்கு விற்றால்தான் தேவை. தபாலில் சலுகை விலைப் பத்திரிகை வகுப்புக்கு இப்போதே ஆசைப்படாதீர்கள், வருஷத்துக்கு நாலு இதழாவது வர வேண்டும், சந்தாதாரர் கணக்கும் காட்ட வேண்டும். ஒரு தெருவுக்கே வீடு வீடாகப் போட நினைத்தால் முகவரிப் பட்டியல் இல்லாமலே தபால்காரர் ரூட் முழுக்கக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

எழுதுகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2017 முதல் 800 டாலர், அதற்கு மேல் உள்ள ஃபிரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம். கார்னிவல் படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடுகிற பழக்கமும் வேண்டாம், எடுத்தவர் அடுத்த தெருவில்தான் இருப்பார்.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது நல்லது?

ஜூன் அல்லது ஆகஸ்ட். ஜூன் மாதம் அமெரிக்காவில் கரீபியன் பாரம்பரிய மாதம், 2006 முதல். ஆகஸ்ட் என்றால் ஜமைக்கா சுதந்திர தினம் 6-ம் தேதி, டிரினிடாடுக்கு 31, அதை ஒட்டி செப்டம்பர் முதல் திங்கட்கிழமை புரூக்ளின் ஈஸ்டர்ன் பார்க்வேயில் கரீபியன் கார்னிவல் ஊர்வலம். எல்லோரும் செலவழிக்கிற காலம். அடுத்த இதழ் நவம்பர் தொடக்கத்தில் வர வேண்டும், பீப்பாய்ப் பருவம். ஜனவரியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஒரு கடைக்காரரும் பையில் கைவிட மாட்டார். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதும் நினைவிருக்கட்டும். ஏதாவது ஒரு தீவை அடித்துவிட்டால் அந்த இதழில் நிவாரணப் பொருள் எங்கே ஒப்படைப்பது என்பதுதான் எல்லோரும் தேடும் பக்கம்.

எந்த மொழியில்?

ஆங்கிலம். ஹெய்ட்டிக்காரருக்கு கிரியோல் பக்கம் போடலாம், ஆனால் அந்த மொழியில் எழுதவும் திருத்தவும் ஆள் இருந்தால் மட்டும். இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டிவைத்தால் அவமானம்.

நம் ஆட்களும் அங்கே இருக்கிறார்களாமே, அதைப் பிடித்துக்கொண்டு நுழையலாமா?

1838 முதல் 1917 வரை கயானாவுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்கள் ஏறக்குறைய 2.4 லட்சம் பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன, வட இந்தியாவின் போஜ்புரி வட்டாரத்தினர், மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சிறுபகுதி, காளி வழிபாட்டில் அவர்கள் தடம் இன்னும் இருக்கிறது. குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்களில் தமிழ் நாட்டவர் அதிகம், புதுச்சேரி, காரைக்கால் வழியாக, 1853-லிருந்து. இதெல்லாம் நல்ல கட்டுரைக்கு விஷயம். ஆனால் லிபர்ட்டி அவென்யூவில் போய் "நாமெல்லாம் ஒன்று" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சிரிப்பார், அவ்வளவுதான். அவர் கயானாக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர், ஹோலியைப் பக்வா என்று கொண்டாடுபவர், இந்தியாவிலிருந்து நேரே வந்தவர்கள் தன்னை ஏற இறங்கப் பார்த்ததையும் மறக்காதவர். ஆசிரியர் நாற்காலியில் அந்தச் சமூகத்து ஆளே உட்காரட்டும். நமக்கு பக்கம் கட்டுவது, கணக்கு, அச்சு. அதில் ஒன்றும் குறைவில்லை.

விளம்பரப் பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது?

பாதி முன்பணம் இல்லாமல் பக்கத்தில் இடம் ஒதுக்காதீர்கள். மீதிக்கு பில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் வராது, புது இதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், அவர் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், கடை கூட்டமாக இருக்கும், இல்லையென்றால் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் சர்ச்சுக்காரர் என்று கடையே மூடியிருக்கும். செவ்வாய், புதன் மதியம் சரி. இரண்டு இதழ் பாக்கி நின்றால் மூன்றாவதில் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், சண்டை போடாமல். கடைக்குப் பிரதி வைப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம், அவருடைய வாடிக்கையாளர்கள் உங்கள் வாசகர்கள்.